சம்மதம் சொன்ன நாற்காலி

தன் நாற்காலி அரசாங்கத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டது என்ற சேதி வந்தபோது மொதிபெடி கழுதை வண்டியின் அச்சுக்கு மசகு தடவிக்கொண்டிருந்தான். சேதியைக் கொண்டுவந்தவன் பக்கத்து வீட்டு கபாகே. நல்ல சேதியென்றால் நடந்து வருவான், கெட்ட சேதியென்றால் ஓடி வருவான். அன்றைக்கு மூச்சு வாங்க நின்றான்.

“உன்னோடது மட்டும் இல்லப்பா. என்னோடதும்தான். ஊர்ல இருக்கிற அத்தனை நாற்காலியும் சரின்னுடுச்சாம். ஏகமனதா.”

“எதுக்குச் சரின்னுச்சு?”

“உன் கிணத்தை எடுத்துக்கறதுக்கு.”

மொதிபெடி மசகுத் துணியைக் கீழே போட்டான். நாற்காலி எப்படிப் பேசும் என்று அவன் கேட்கவில்லை. அந்த ஆச்சரியத்துக்கெல்லாம் பிறகு நேரம் இருந்தது. கிணறுதான் முதலில் நெஞ்சில் இடித்தது.

அவனும் அவன் அப்பாவும் தோண்டிய கிணறு அது. ஊரிலிருந்து அரைநாள் வண்டிப் பாதையில் மாட்டுப் பட்டி. அங்கே மண்ணுக்கடியில் முழுக்க வெள்ளைப் பாறை. பாறைமேல் விறகை அடுக்கி எரித்து, சூட்டோடு சூடாகத் தண்ணீரை ஊற்றி வெடிக்கவைத்து, சில்லு சில்லாக அள்ளி வெளியே போட்டு இறங்கினார்கள். தண்ணீர் தேடுவதற்கே தண்ணீரை ஊருக்குள்ளிருந்து வண்டியில் கொண்டுபோக வேண்டியிருந்தது. அப்பா அந்த வேலையில் ஒரு கண்ணை இழந்தார், மிச்சக் கண்ணால் ஊற்றைப் பார்த்துவிட்டுத்தான் செத்தார். மொதிபெடியின் மாடுகளும் அக்கம்பக்கத்து மாடுகளும் குடிக்கிற தண்ணீர் அதுதான். கிணறு போனால் மாடு போகும். மாடு போனால் அந்த ஊரில் ஒரு மனிதன் வாய்திறந்து பேச ஒன்றும் இருக்காது.

இப்போது கிணற்றைச் சுற்றி வேலி போட்டு, ‘தேசிய மேய்ச்சல் மேம்பாட்டு வட்டம்’ என்று பெயர் வைத்து, அதைத் தலைநகரத்து நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்கப்போகிறார்கள். வட்டத்துக்குள் மேயப்போகும் மாடுகள் யாருடையவை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். அமைச்சகத்தில் கேட்டால் மட்டும் யாருக்கும் தெரியாது.

பழைய காலமாக இருந்தால் ஒரு போலீஸ்காரனை அனுப்பிப் பிடுங்கியிருப்பார்கள். அதில் ஒரு நேர்மை இருந்தது. இப்போது நாகரிகம் வந்துவிட்டது. ஆளப்படுகிறவர்களின் சம்மதம் இல்லாமல் ஒரு முளைக்கம்பு கூட நடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சட்டம் வந்த கையோடு, சம்மதத்தை உற்பத்தி செய்ய மக்கள் இசைவுத் துறை என்று ஒன்றும் வந்தது. அதன் இயக்குநர் டாக்டர் கவோலாதே. ஆட்சியின் அதிகாரம் எதன்மேல் நிற்கிறது என்று கடல்கடந்து போய்ப் பல வருஷம் படித்து, கண்டுபிடித்துக்கொண்டு திரும்பியவர்.

போன செவ்வாய்க்கிழமை அவர் ஊருக்கு வந்து கோட்லாவைக் கூட்டினார். கோட்லா என்பது ஊர்த் தலைவர் வீட்டு முன்னால் மரக்கம்புகளால் அரைவட்டமாய் அடைத்த சபை. அங்கே போகிறவர்கள் அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு போகவேண்டும். குட்டையான மர நாற்காலி, மாட்டுத்தோல் வார் பின்னிய இருக்கை. நாற்காலியைப் போட்டுவிட்டால் அந்த இடம் உங்களுடையது. நடுவில் எழுந்து ஆட்டை விரட்டப் போகலாம், மூத்திரம் பெய்யப் போகலாம், வேறொருவன் அதில் உட்காரமாட்டான். நாற்காலி இருந்தால் ஆள் இருக்கிறார் என்று கணக்கு. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். இதில் இத்தனை ஆபத்து இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

அன்றைக்குப் பேசிய எல்லாருமே வேலியை எதிர்த்தார்கள். கோட்லாவில் யாரையும் பேசாதே என்று சொல்லக்கூடாது என்பதால் இயக்குநரும் யாரையும் தடுக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் “உங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது” என்றார். தலைவர் மொரெமெடியின் சம்பளம் அதே அமைச்சகத்திலிருந்து வருவதால் அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். மொதிபெடி எழுந்து, வேலிக்குள்ளே யாருடைய மாடு தண்ணி குடிக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டான். “கேள்விகள் கடைசியில்” என்று இயக்குநர் புன்னகைத்தார்.

கடைசி வரவே இல்லை. வெயில் உச்சிக்கு ஏறியபோதும் ஆட்சியின் தோற்றம் பற்றி அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். மொதிபெடியின் கழுதைகள் தலைவர் வீட்டம்மாவின் தர்பூசணிக் கொல்லையில் புகுந்துவிட்டன என்று யாரோ கத்த, அவன் நாற்காலியை விட்டுவிட்டு ஓடினான். அதற்குள் மரத்தடிப் பானைகளிலிருந்து இடித்த இறைச்சியின் வாசனை கிளம்பிவிட்டது. அரசாங்கத்தின் கறி, அரசாங்கத்தின் கூழ். ஒவ்வொருவராகத் தட்டோடு வரிசைக்கு நழுவினார்கள். சபையில் ஆள் ஒழிந்து நாற்காலிகள் மட்டும் மிஞ்சிய நேரம் பார்த்து டாக்டர் கவோலாதே தொண்டையைச் செருமினார். “எதிர்ப்பவர்கள் எழுந்து நிற்கலாம்” என்றார். ஒரு நாற்காலியும் எழவில்லை. “பூலா!” என்று கையை உயர்த்திக் கூட்டத்தை முடித்தார். பூலா என்றால் மழை. அந்த ஊரில் எந்தக் கூட்டம் முடிந்தாலும் மழை என்று கூவித்தான் கலைவார்கள். வரிசையில் நின்றவர்களும் வாயில் கறியோடு “பூலா!” என்று கூவினார்கள். மழை வேண்டாம் என்று எவன் சொல்லுவான்? மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள் என்று அதையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மொதிபெடி இசைவுத் துறையின் கூடாரத்துக்குப் போனான். கூட்டம் முடிந்ததும் கணக்கெடுக்க என்று அதிகாரிகள் வாங்கிவைத்த ஊர் நாற்காலிகள் எல்லாம் அங்கே கயிறு கட்டி அடுக்கப்பட்டிருந்தன. மேசைக்குப் பின்னால் பென்யோ என்ற இளம் அதிகாரி. நல்ல பெண்தான், இன்னும் முழுசாகக் கெட்டுப்போகவில்லை.

“என் நாற்காலியைக் குடு ம்மா. வீட்டுக்குப் போகணும்.”

“மன்னிச்சுக்கோங்க ரா. அது இப்போ சாட்சி. குடுக்க முடியாது.” ரா என்றால் ஐயா, அந்த ஊர் மரியாதைச் சொல்.

“அது நாற்காலிம்மா. நான் அங்க இல்லவே இல்ல. கழுதையை ஓட்டப் போயிட்டேன்.”

“நீங்க போனது தெரியும். ஆனா உங்க நாற்காலி கடைசி வரைக்கும் இருந்துச்சு. எதிர்க்கிறவங்க எழுந்திருக்கச் சொன்னோம், எழுந்திருக்கல.”

“நாற்காலி எப்படி எழுந்திரிக்கும்?”

பென்யோ கொஞ்சம் யோசித்தாள். “அதைத்தான் ரா நாங்களும் எழுதியிருக்கோம். எந்த எதிர்ப்பும் தெரிவிக்கலன்னு.”

வீட்டுக்கு வந்தபோது மனைவி லெசெகோ கூழ் கிண்டிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுச் சிரிக்கவில்லை. “அந்த நாற்காலி வாரை மாத்து, மாத்துன்னு எத்தனை வருஷமாச் சொல்றேன்” என்றாள். “வலது பக்கம் பூரா அறுந்து தொங்குது. நீ இடது பக்கமா ஒட்டிக்கிட்டு உக்காந்திருப்ப. உன்னையே தாங்காத நாற்காலி இப்போ அரசாங்கத்தைத் தாங்குதாம்.”

மறுநாள் அவன் இயக்குநரையே நேரில் பார்த்தான். டாக்டர் கவோலாதே அவனை அன்பாக உட்காரச் சொன்னார். உட்கார ஒன்றும் இல்லாததால் மொதிபெடி நின்றான். ஒரு மனிதன் இந்த நாட்டில் வாயைத் திறந்து சம்மதம் சொல்லவேண்டிய அவசியமே இல்லை என்று அவர் விளக்கினார். தார் ரோட்டில் நடந்தாயா, சம்மதம். குழாயில் தண்ணீர் பிடித்தாயா, சம்மதம். அன்றைக்குக் கறி தின்றாயா என்று கேட்டார். கழுதையை விரட்டியதில் கறி கிடைக்கவில்லை என்றான் மொதிபெடி. பாவம் என்றார் இயக்குநர், மனதார.

“சரி ரா. சம்மதம் இல்லன்னு சொல்லணும்னா என்ன செய்யணும்?”

“ரொம்ப எளிது. நாட்டை விட்டுப் போயிடலாம். யாரும் தடுக்கமாட்டோம். நம்ம சுதந்திரமே அதுதானே.”

“எப்படிப் போறது?”

“எல்லைக்கு நல்ல தார் ரோடு போட்டிருக்கோமே.”

மொதிபெடி அந்தப் பதிலை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு வந்தான். அன்றிலிருந்து ரோட்டில் கால் வைப்பதில்லை என்று முடிவு செய்தான். முள்ளுக்காட்டுக்குள் வண்டியை ஓட்டினான். கழுதைகள் அவனைப் பார்த்த பார்வை சரியில்லை. அவன் சட்டை கிழிந்தது, முழங்கால் கிழிந்தது. குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை, தோல்பையில் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து குடித்தான். லெசெகோ மட்டும் தினமும் குழாயடிக்குப் போய்வந்தாள். “நீ வேணா சம்மதிக்காம இரு. எனக்குத் தாகமா இருக்கு” என்றாள்.

அந்த வாரமே இயக்குநரின் வண்டி ரோட்டோரம் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கி, முள்ளுக்குள் நின்ற மொதிபெடியைக் கும்பிடாத குறையாகப் பார்த்தார். “ரோட்டை விட்டு இவ்வளவு தள்ளி நடக்கிறீங்கன்னா, அது யாருடையதுன்னு முழுசா ஒத்துக்கிறீங்க. அரசாங்கத்தோட உரிமையை இவ்வளவு மரியாதையா மதிச்ச குடிமகனை நான் பார்த்ததில்லை” என்றார். பின்சீட்டில் இருந்த பென்யோவிடம் எழுதச் சொன்னார். ஆழ்ந்த சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

மொதிபெடிக்கு அப்போதுதான் முதல்முறையாக அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. கிணற்றை எடுப்பவனைக்கூட மன்னிக்கலாம், எடுத்துக்கொண்டு நன்றி சொல்பவனை எப்படி மன்னிப்பது?

அவன் கொடுத்த முறையீட்டுக்கு விசாரணை நாள் வந்தது. அதற்குள் துறை இன்னொரு அடி எடுத்துவைத்திருந்தது. ஏகமனதாக ஒத்துழைத்த நாற்காலிகளை வீணாக்காமல் மக்கள் பிரதிநிதிக் குழுவாக நியமித்துவிட்டார்கள். கயிற்றை அவிழ்த்து, துடைத்து, கோட்லாவில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மடியிலும் ஒரு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார்கள். மொதிபெடி வாசலுக்குப் போனபோது காவலாளி கையைக் குறுக்கே நீட்டினான்.

“பேரு?”

“மொதிபெடி.”

காவலாளி உள்ளே எட்டிப் பார்த்தான். “அவரு ஏற்கெனவே உள்ள உக்காந்திருக்காரு. நீங்க யாரு?”

பென்யோ வந்து சமாதானம் செய்து உள்ளே விட்டாள். அவன் நேராகப் போய்த் தன் நாற்காலியில் உட்காரப் பார்த்தான். இயக்குநர் பதறி எழுந்தார். பிரதிநிதியின் மேல் உட்காருவது மிரட்டல் ஆகும், அது கடுமையான குற்றம் என்று சொல்லித் தடுத்தார். கோட்லாவில் நாற்காலியிலிருந்து எழுந்துதான் பேசவேண்டும், உட்காராதவன் எழ முடியாது, ஆகவே பேசவும் முடியாது என்றும் தீர்ப்பாயிற்று. மொதிபெடி மண்ணில் குந்தினான். அவனுடைய முறையீட்டை நாற்காலிகள் விசாரித்தன. இயக்குநர் அவற்றின் முன்னால் நின்று உரையாற்றினார்.

“மதிப்புக்குரிய பிரதிநிதிகளே, ஆட்சி எதன்மேல் நிற்கிறது? கடவுள் மேல் என்றார்கள் ஒரு காலத்தில். ஆனால் கடவுளைக் கூட்டத்துக்கு அழைத்தால் வருவதில்லை. வாள்மேல் என்றார்கள். வாளுக்கு வெளிநாட்டில் நிதி கிடைப்பதில்லை. மிச்சம் இருப்பது மக்களின் சம்மதம். அதிலும் ஒரு குறை. மக்கள் என்றால் மனிதர்கள். மனிதன் காலையில் சம்மதிப்பான், மாலையில் மாடு செத்தால் மாறிவிடுவான். யாருடைய மாடு குடிக்கும் என்று கேட்பான். இத்தனை வருஷப் படிப்பில் நான் தேடியதெல்லாம் மக்கள் இடையூறு செய்யாத மக்களாட்சி ஒன்றைத்தான். இதோ, என் முன்னால் அது உட்கார்ந்திருக்கிறது. பசிக்காது, தூங்காது, கழுதையைத் துரத்திக்கொண்டு ஓடாது. உங்களைப் போன்ற மக்கள் கிடைக்க எந்த அரசும் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.”

முறையீடு தள்ளுபடி ஆனது. ஒரு நாற்காலிகூட மொதிபெடி பக்கம் சாயவில்லை, அவனுடையது உட்பட.

வேலிக்கம்பங்கள் லாரியில் வந்து கிணற்றோரம் இறங்கின. தொடக்க விழாவுக்கு நாள் குறித்தார்கள். பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் ஒருவர்கூட விடாமல் எல்லாரும் சம்மதித்திருந்தால்தான் கொடுப்போம் என்று சொல்லியிருந்ததால், பெரிய பலகையில் ‘ஏகமனதாக’ என்று எழுதி நட்டார்கள். கிணறு மொதிபெடியுடையது என்பதால் குழுவில் அவன் நாற்காலிக்குத்தான் முதல் மரியாதை. அதை லாரியில் தனியாக ஏற்றிக் கிணற்று மேட்டில் வைத்தார்கள். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது. அவர்களுடைய நாற்காலிகள் எல்லாம் பதவியில் இருந்ததால் உட்கார யாருக்கும் எதுவும் இல்லை.

டாக்டர் கவோலாதே பேசி முடித்ததும் புகைப்படக்காரன் ஒரு யோசனை சொன்னான். ஆள்பவரும் ஆளப்படுபவரும் ஒன்று என்று காட்டுகிற மாதிரி ஒரு படம் வேண்டும், அந்த நாற்காலியில் நீங்களே உட்காருங்கள் என்றான். இயக்குநருக்கு அது பிடித்துப்போனது. பிரதிநிதியின் மேல் உட்காரக்கூடாது என்ற விதி அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. கோட்டின் பின்நுனியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

மொதிபெடி கூட்டத்திலிருந்து முன்னால் வந்தான். “ரா, வேணாம். அதுல வலது பக்கம்...”

“கேள்விகள் கடைசியில்” என்றார் இயக்குநர், உட்கார்ந்தார்.

வலது பக்க வார்கள் படபடவென்று அறுந்தன. உடம்பு உள்ளே போயிற்று, முழங்காலும் முகமும் மட்டும் மரச்சட்டத்துக்கு மேலே நின்றன. கொழுத்த மனிதர். எழ முயன்றால் நாற்காலியும் கூடவே எழுந்தது. இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள், அவர் இன்னும் இறுகினார். அந்த நிலையிலும் பழக்க தோஷத்தில் கூட்டத்தை முடிக்கப் பார்த்தார். “பூலா” என்றார் மெதுவாக. மழையைக் கேட்டு வறண்ட ஊர் அது. ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை.

மொதிபெடி பென்யோவைப் பார்த்தான். “எழுதிக்கோ ம்மா. நாற்காலி எதிர்ப்பு தெரிவிச்சிடுச்சு.”

பென்யோ எழுதப்போனவள் நிறுத்தினாள். சட்டத்துக்குள் சிக்கியிருந்த மேலதிகாரியிடம் குனிந்து, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டாள்.

“ரா, எப்படி எழுதட்டும்? நாற்காலிதான் இவருன்னா, இவரு இப்போ முடியாதுன்னுட்டாரு. நாற்காலி வெறும் நாற்காலின்னா, இவரு எப்பவுமே சரின்னு சொல்லல.”

இயக்குநர் அவளைப் பார்த்தார். பலகையில் ‘ஏகமனதாக’ என்று எழுதியிருந்ததையும் பார்த்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் பலகையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பல வருஷப் படிப்பு வீண்போகவில்லை. மூன்றாவது வழி ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது.

“சம்மதம் அப்படியே இருக்கு” என்றார், மூச்சு முட்டியபடி. “பழுதாகியிருக்கு, அவ்வளவுதான். பழுது பார்த்துத் தரப்படும்னு எழுது.”

சம்மதம் பழுதுபார்க்கப்படும் வரை வேலி நடுவது நிறுத்திவைக்கப்பட்டது. வேறு நாற்காலியை மாற்றி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டாராம். ஒரு குடிமகனுக்குப் பதில் இன்னொருவரை வைப்பது ஜனநாயகத்துக்கு விரோதம் என்று துறையின் சட்டப்பிரிவு சொல்லிவிட்டது. அரசாங்கப் பட்டறையில் பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் ஒட்டத் தெரிந்திருந்தது. ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள், யாரும் வரவில்லை. மறுபடியும் கேட்டார்கள். மாட்டுத்தோல் வார் பின்ன அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் முன்வந்தான். இப்படித்தான் மொதிபெடியின் சம்மதத்தைச் சரிசெய்யும் வேலை, எல்லா விதிகளுக்கும் உட்பட்டு, மொதிபெடிக்கே கிடைத்தது.

அவன் நாற்காலியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோனான். ஒரு நல்ல தோலை அறுத்து வாராக்கி, மாடுகள் குடிக்கும் தொட்டியில் ஊறப்போட்டான். ஊறிய பிறகு வெளியே எடுத்துக் காயவிடவேண்டும், ஈரம் வடிந்து பதமானால்தான் பின்ன முடியும். அங்கே காயவிடுவதா பெரிய காரியம்? துணியை ஒரு முனையில் கொடியில் போட்டு மறுமுனைக்கு வருவதற்குள் காய்ந்துவிடுகிற வெயில்.

இயக்குநரின் வண்டி ஒவ்வொரு மாதமும் வருகிறது. வேலிக்கம்பங்களில் துரு ஏறிவிட்டது. பலகையில் மாடுகள் முதுகைத் தேய்த்துத் தேய்த்து எழுத்து பாதி போய்விட்டது. டாக்டர் கவோலாதே வண்டியிலிருந்து இறங்கி, மாடுகளுக்கு நடுவே கால் பார்த்து வைத்து நடந்து, தொட்டியருகே வருகிறார். மொதிபெடி கையை உள்ளே விட்டு வாரைத் தூக்கிக் காட்டுகிறான். தண்ணீர் சொட்டுகிறது.

“இன்னும் காயலியே, ரா.”

போன மாதம் இயக்குநருக்குப் பொறுமை போய்விட்டது. மேலிடத்தில் கேட்கிறார்கள், இதற்கு ஒரு முடிவு வேண்டாமா, எப்போதுதான் முடியும் என்று கத்தினார். குடித்துக்கொண்டிருந்த மாடு ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது.

மொதிபெடி வாரைத் தொட்டிக்குள் மெதுவாக இறக்கினான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“கேள்வியெல்லாம் கடைசியில, ரா” என்றான்.